குடியிருப்பவரின் அச்சம்

(உதகமண்டலத்தில் திரைப்பட ஆர்வலர்கள் கூடிய ஒரு மாலையில், படக்காட்சிக்கு முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பார்க்கப்போகும் படம் 1963இல் இத்தாலியில் வெளிவந்தது. மாரியோ பாவா இயக்கியது. இத்தாலியர்கள் அதற்கு 'அச்சத்தின் மூன்று முகங்கள்' என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் 'பிளாக் சபாத்' என்று மாற்றினார்கள். பர்மிங்காம் நகரத்து இளைஞர்கள் சிலர் 1969இல் தங்கள் இசைக்குழுவுக்கு அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். படத்தைப் பார்க்காதவர்கள்கூட அந்தப் பெயரைக் கேட்டிருப்பது அதனால்தான்.

படத்தில் மூன்று கதைகள். ஒன்றுக்கொன்று தொடர்பு கிடையாது. தொலைபேசியைப் பற்றி ஒன்று, இரத்தம் குடிக்கும் பிணங்களைப் பற்றி ஒன்று, நீர்த்துளியைப் பற்றி ஒன்று. முதல் கதை சுமார்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது நல்ல கதை. மூன்றாவதற்கு இணையாக இருபது நிமிடங்களை அச்சப் படங்களில் தேடினால் சுலபமாகக் கிடைக்காது.

கதைத்தொகுப்புப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக மூன்றுக்கும் மதிப்பெண் போட்டு, கூட்டி, மூன்றால் வகுத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே இயக்குநர், ஒரே ஆண்டு, ஒரே குழு, அதே வண்ண விளக்குகள். அப்படியிருந்தும் ஒரு கதை நம்மைத் தொடாமல் போகிறது, இன்னொன்று இரவுத் தூக்கத்தைக் கெடுக்கிறது. அப்படியென்றால் காரணம் தொழில்நுட்பத்தில் இல்லை, கதை எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேடிப்போனால், நீலகிரியில் எடுக்கப்பட்ட நம்முடைய அச்சப் படங்களைப் பற்றியும் ஒன்று புரியும். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பாவா 1914இல் சான் ரெமோவில் பிறந்தவர். தந்தை யூஜெனியோ பாவா ஒளிப்பதிவாளர், சிற்பி. மௌனப்பட காலத்திலேயே தந்திரக் காட்சிகளுக்குப் பொம்மைகளும் முகமூடிகளும் செய்து கொடுத்தவர். மகனும் பல ஆண்டுகள் ஒளிப்பதிவாளராக இருந்த பிறகுதான் 1960இல் தன் பெயரில் ஒரு முழுப்படத்தை இயக்கினார். பணம் எப்போதும் போதாது. பத்து மரம் வேண்டிய இடத்தில் இரண்டு மரத்தை வைத்து, பச்சையும் ஊதாவுமான கண்ணாடித்தாளை விளக்குக்கு முன்னால் பிடித்து, மிச்சத்தைப் புகையால் மூடுவார். இன்று நீங்கள் பார்க்கப்போகும் மூடுபனி முழுக்க ஸ்டுடியோவில் போட்ட புகை. இந்த ஊரில் ஜன்னலைத் திறந்தால் உள்ளே வருகிற பனியை அவர் விலை கொடுத்து உண்டாக்க வேண்டியிருந்தது.

நீர்த்துளிக் கதையிலிருந்து தொடங்குகிறேன். படத்தில் அது கடைசியில் வந்தாலும் என் பேச்சுக்கு அதுதான் அடித்தளம்.

லண்டன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். இடியும் மழையுமான இரவு. ஒரு செவிலிப் பெண்ணுக்கு அழைப்பு வருகிறது. ஆவிகளோடு பேசும் கிழவி ஒருத்தி, அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே செத்துவிட்டாள். பிணத்துக்கு உடை மாற்ற வேண்டும். வீட்டு வேலைக்காரி பிணத்தைத் தொடப் பயப்படுகிறாள். செவிலி முணுமுணுத்துக்கொண்டே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள். இந்த முணுமுணுப்பை நான் பெரிதாக நினைக்கிறேன். அவள் கூலிக்கு வருகிறவள். பிணம் அவளுக்குப் புதிதல்ல. அங்கே கிழவியின் விரலில் ஒரு மோதிரம். யாரும் பார்க்கவில்லை. கழற்றிக்கொள்கிறாள். அந்தக் கணத்தில் ஒரு கண்ணாடிக் குவளை சாய்ந்து தண்ணீர் சொட்டத் தொடங்குகிறது. மோதிரம் இருந்த விரலில் ஒரு ஈ வந்து உட்காருகிறது. வீட்டுக்குத் திரும்பிய பிறகு குழாயிலிருந்து ஒரு சொட்டு, நனைந்த குடையிலிருந்து ஒரு சொட்டு. எங்கிருந்தோ அந்த ஈயும் வந்துவிடுகிறது.

கிழவியின் முகத்தை யூஜெனியோ பாவா மெழுகில் செய்தார். மகன் படத்துக்குத் தந்தை செய்த முகம். விழித்த கண், இளித்த வாய். இன்று கணினியில் இதைவிடத் துல்லியமாகச் செய்யலாம், ஆனால் இந்த அச்சம் வராது. அசைய முடியாத பொம்மை என்று கண்ணுக்குத் தெரிகிறது. தெரிந்தும் அது நம்மை நோக்கி வருகிறது. செவிலியாக நடித்தவர் ஜாக்குலின் பியெரு. பிரெஞ்சுப் புதிய அலையின் முகமான ழான்-பியேர் லெயோவின் தாய்.

இதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1961இல், சத்யஜித் ராய் தாகூர் நூற்றாண்டுக்காக 'தீன் கன்யா' எடுத்தார். அதுவும் மூன்று கதை. நடுவில் இருப்பது 'மணிஹாரா', நகைமேல் உயிரையே வைத்திருக்கும் மனைவியின் பேய்க்கதை. நகையைத் தேடி நீளும் எலும்புக்கையை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பாவா ராயின் படத்தைப் பார்த்திருந்தார் என்று நான் சொல்லவில்லை. கல்கத்தாவிலும் ரோமிலும் இரண்டு பேர், ஏறக்குறைய ஒரே நேரத்தில், பேயை ஒரு நகைக்குள் வைத்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன். இரண்டு படங்களுக்கும் நேர்ந்த கதியும் ஒன்றுபோலத்தான். 'தீன் கன்யா' வெளிநாட்டுக்குப் போனபோது மணிஹாரா இல்லாமல், 'இரண்டு பெண்கள்' என்ற பெயரில் போனது. பாவாவின் படம் அமெரிக்காவுக்குப் போனபோது கதைகளின் வரிசை மாறியது, இசை மாறியது, ஒரு கதையின் உள்ளடக்கமே மாறியது. தொகுப்புப் படமென்றால் கத்தரிக்கோல் வைத்திருப்பவர்களுக்குத் துணிச்சல் வந்துவிடுகிறது. ஒன்றை எடுத்தால் மற்றது நிற்கும் என்று நினைக்கிறார்கள். படம் சமமாக இல்லை என்று பிற்பாடு குறை சொல்கிறவர்கள், அந்தச் சமமின்மையில் கத்தரிக்கோலின் பங்கையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மாறிய கதை தொலைபேசிக் கதை. ரோசி என்ற பெண் இரவில் தனியாக இருக்கிறாள். தொலைபேசி அடிக்கிறது. பேசுகிறவன் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறான், கொல்லப்போவதாகச் சொல்கிறான். அவள் காட்டிக்கொடுத்துச் சிறைக்குப் போன பிராங்க் தப்பி வந்துவிட்டான் என்று பயந்து, பிரிந்துபோன தோழி மேரியைத் துணைக்குக் கூப்பிடுகிறாள். இத்தாலியப் பதிப்பில் அந்த இரு பெண்களுக்கும் இடையில் ஒரு பழைய காதல் இருக்கிறது. கதையே அதன்மேல்தான் நிற்கிறது. அமெரிக்கர்கள் அதை அழித்துவிட்டு, பிராங்கை ஆவியாக்கிவிட்டார்கள். காதலுக்கு அஞ்சி ஆவியை உள்ளே விட்ட வேலை அது.

இத்தாலியப் பதிப்பிலும் அந்தக் கதை மற்ற இரண்டுக்கும் ஈடாகவில்லை. காரணம் ரோசியின் வீடு. அழகான வீடு, தொலைபேசி, ஒழுங்கான திரைச்சீலை. ஆனால் அங்கே ஒருத்தி வாழ்ந்த தடம் இல்லை. அவள் என்ன சாப்பிட்டாள், எதைத் தைத்தாள், எந்த மூலையில் உட்கார்ந்து அழுவாள் என்று எதுவும் அந்தச் சுவர்களுக்குத் தெரியாது. செவிலியின் அறையில் ஈரக் குடையும் ஒழுகும் குழாயும் இருக்கின்றன. அங்கேதான் அச்சம் உட்கார இடம் கிடைக்கிறது. குடியிருப்பு இல்லாத வீட்டில் பேய் வந்தாலும் அது விருந்தாளிதான்.

இப்போது நம் மலைக்கு வருவோம்.

பாலு மகேந்திராவின் 'மூடுபனி' 1980இல் வந்தது. இளையராஜாவுக்கு நூறாவது படம். பாவா தொடங்கிவைத்த கொலைகாரக் கதைகளின் மரபுக்குத் தமிழில் நெருங்கிய உறவு இந்தப் படம். பிரதாப் போத்தன் நடித்த சந்துரு, தான் விரும்பும் பெண்ணைக் கடத்திக்கொண்டு வந்து அடைத்துவைப்பது ஊட்டியில் ஒரு தனி வீட்டில். பாவா புகை போட்ட இடத்தில் பாலு மகேந்திரா காத்திருந்தார். இயற்கை வெளிச்சத்தை நம்பிய அவருடைய கேமராவுக்கு இந்த மலையின் மங்கிய பகல் போதுமானதாக இருந்தது. படம் திரைக்கு வந்தபோது, அந்தப் பெண்ணாக நடித்த ஷோபா இல்லை. அந்த ஆண்டு மே மாதமே போய்விட்டார். அவர் முகத்தில் தெரியும் பயத்தை அந்தச் செய்தியைத் தெரிந்துகொண்டு பார்ப்பது இன்றும் கடினம்.

நான் மிகவும் மதிக்கும் படம் அது. ஆனால் அந்த வீட்டைப் பாருங்கள். சந்துருவும் வெளியூர், அந்தப் பெண்ணும் வெளியூர். மலை அவர்களுக்கு ஒளிய ஓர் இடம், அவ்வளவுதான். 2002இல் விக்ரம் பட்டின் 'ராஸ்' இந்தி ரசிகர்களையெல்லாம் ஊட்டிக்குக் கூட்டிவந்தது. முறிந்துகொண்டிருக்கும் மணவாழ்வை ஒட்டவைக்க ஒரு தம்பதி இங்கே பங்களாவுக்கு வருகிறார்கள், பேய் வருகிறது, படம் பெரிய வெற்றி. அங்கும் அப்படித்தான். பேய் பிடிப்பது விடுமுறைக்கு வந்தவர்களை. மலையில் குடியிருப்பவர்களுக்கு அங்கே என்ன வேலை? சாவியைக் கொண்டுவந்து கொடுப்பது, இருட்டிய பிறகு வெளியே போகாதீர்கள் என்று எச்சரிப்பது, பிறகு காட்சியிலிருந்து மறைவது. தமிழிலும் இந்தியிலும் நீலகிரி பங்களாவில் எடுத்த எத்தனையோ படங்களில் காவல்காரத் தாத்தாவின் வேலை இவ்வளவுதான். அந்தத் தாத்தா இரவில் எங்கே தூங்குகிறார், அவருக்கு எதைக் கண்டால் பயம் என்று யாரும் கேட்டதில்லை.

கேட்டிருக்க முடியும் என்பதற்குப் பாலு மகேந்திராவே சாட்சி. 'மூடுபனி'க்கு இரண்டு ஆண்டு கழித்து 'மூன்றாம் பிறை'யில் அவர் கேத்திக்கு வந்தார். அச்சப் படம் அல்ல. ஆனால் அங்கே சீனு ஒரு பள்ளிக்கூட ஆசிரியன், வேலையோடும் வீட்டோடும் அக்கம்பக்கத்தோடும் மலையில் வாழ்கிறவன். அதனால்தான் கேத்தி ரயில் நிலையத்தில் அவன் இழப்பது நம்முடைய இழப்பாகிறது. அதே மலை, அதே பனி, அதே கேமரா. குடியிருப்பவனைப் பார்த்தபோது படத்தின் ஆழமே மாறிவிட்டது.

இந்த அரங்கில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்களில் சிலருடைய தந்தையோ தாயோ இந்து நகரில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை பார்த்திருப்பார்கள். 1960இல் நிறுவப்பட்டு, பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு 1967இல் உற்பத்தி தொடங்கிய ஆலை அது. தூசியில்லாத காற்றும் குளிரும் வேண்டும் என்பதற்காகவே இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். கறுப்பு வெள்ளைச் சினிமாச் சுருளும் எக்ஸ்ரே பிலிமும் அங்கிருந்து போயின. ஒளி பட்டால் பாழாகிவிடும் பண்டத்துக்குப் பூச்சுப் போடுகிறவர்கள் இருட்டிலேயே நடந்து, இருட்டிலேயே கை நீட்டி, இருட்டிலேயே ஒருவரையொருவர் குரலால் அடையாளம் கண்டு வேலை செய்தார்கள். மற்றவர்களின் கதைகள் பதிவாவதற்குத் தளம் செய்து கொடுத்த ஊர் இது. தன் இருட்டைத் தானே படம் பிடிக்கவில்லை. ஆலை மூடியாயிற்று. அந்த இருட்டில் வேலை பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் உட்கார்ந்து சொன்னால், பாவா கேட்டு மகிழ்ந்திருக்கக்கூடிய கதைகள் வரும்.

இனி பாவா படத்தின் இரண்டாவது கதைக்கு நேரம் எடுத்துக்கொள்கிறேன். என் மனதுக்கு மிகவும் வேண்டிய கதை அது.

மூலம் ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயுடையது. 'போரும் அமைதியும்' எழுதியவர் அல்ல. அவருக்கு உறவினரான அலெக்சேய் டால்ஸ்டாய், இளமையில் பிரெஞ்சில் எழுதியது. ஒரு மலைநாட்டுக் குடும்பம். தந்தை கோர்கா, ஊரைச் சூறையாடிய ஒரு கொடியவனைக் கொல்லப் புறப்படும்போது சொல்லிவிட்டுப் போகிறார்: ஐந்து நாளைக்குப் பிறகு நான் வந்தால் உள்ளே விடாதீர்கள், அப்போது வருவது நான் அல்ல. ஐந்தாம் நாள் நள்ளிரவு மணி அடித்து ஓயும் வேளையில் அவர் வருகிறார். உள்ளேயா, வெளியேயா என்று யாராலும் தீர்மானிக்க முடியாத நொடியில் வருகிறார். கோர்காவாக நடித்த போரிஸ் கார்லாப் அப்போது எழுபத்தைந்தைத் தாண்டிய கிழவர். பேரனைத் தூக்கிக் கொஞ்சக்கூட எனக்கு உரிமை இல்லையா என்று அவர் கேட்கும்போது, அங்கே உட்கார்ந்திருக்கும் மகன்களின் முகத்தைப் பாருங்கள். அப்பாவிடம் இல்லை என்று சொல்ல முடியுமா?

பேரன் போகிறான். குழந்தையின் உடலை முறைப்படி அழித்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்; தாய் விடவில்லை. புதைக்கிறார்கள். இரவு காற்றோடு வாசலில் குழந்தையின் குரல். குளிர்கிறது, கதவைத் திற என்று அழுகிறது. வெளியே நிற்பது தன் பிள்ளை இல்லை என்று தாய்க்குத் தெரியும். தடுக்கும் கணவனைக் கத்தியால் குத்திவிட்டு அவள் போய்த் தாழ்ப்பாளைத் திறக்கிறாள். இந்த இடத்தில் பாவாவின் பச்சை ஊதா வெளிச்சமெல்லாம் எனக்கு மறந்துபோகும். ஒரு கதவும் ஒரு தாயும்தான் மிஞ்சுகிறார்கள்.

தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதவை விளக்கத் தேவையில்லை. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இருட்டிவிட்டால் கதவைச் சாத்திவிட்டு யானையின் காலடிக்குக் காது கொடுக்கிறார்கள். கோத்தகிரியில் கரடி வருகிறது. 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே, ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பத்தின் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொண்டுபோனது. ஊரே சாலையில் உட்கார்ந்தது. நவம்பர் மழை வந்தால் வேறு பயம். 2009 நவம்பரில் நிலச்சரிவில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். அதற்குப் பிறகு சரிவோரம் குடியிருப்பவர்களுக்குத் தகரக் கூரைமேல் விழும் மழையின் ஓசை வேறாகிவிட்டது. எங்கோ தண்ணீர் கசிகிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை. நீர்த்துளிக் கதையின் முழு அச்சமும் அதில் இருக்கிறது.

1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக அரசு தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. இன்றைய டான்டீ நிறுவனம் அப்படி வந்ததுதான். அந்தக் குடும்பங்கள் தங்கள் முன்னோரைக் கடலுக்கு அப்பால் ஒரு தேயிலைச் சரிவில் புதைத்துவிட்டு வந்தவர்கள். யாரும் விளக்கேற்றாத அந்தக் கல்லறைகளைப் பற்றி அவர்கள் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள்? அங்கே விட்டுவந்த குலசாமி இங்கே வழி கண்டு வருமா என்ற கவலையைவிடப் பெரிய பேய்க்கதை உண்டா?

அச்சத்தைப் படமாக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். அதையும் இந்த மலையின் வரலாறே தருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே நோயும் சாவும் வந்தபோது, குறும்பர் பழங்குடியினரின் சூனியம்தான் காரணம் என்று சொல்லி அவர்களைக் குடும்பம் குடும்பமாகக் கொன்றார்கள். 1835இல் நடந்த கொலைகள் ஆங்கிலேய அரசின் ஆவணங்களில் பதிவாகியிருக்கின்றன. அது ஒருமுறையோடு நிற்கவும் இல்லை. விதைப்பைத் தொடங்கிவைக்கவும் கேடுகளை விலக்கவும் அழைத்தது அதே குறும்பர்களைத்தான். தேவைப்படும்போது பூசாரி, பயம் வந்தால் பலி. ஆகவே, காட்டுக்குள்ளிருந்து வரும் மலைவாசி மந்திரவாதி என்று ஒரு பாத்திரத்தை எழுதி நம் கதாநாயகியைப் பயமுறுத்துகிற ஒவ்வொரு படமும், தெரிந்தோ தெரியாமலோ, அந்தக் கொலைகாரர்களின் பக்கம் போய் நிற்கிறது. பாவாவின் கதை அங்கே போகவில்லை. அவருடைய பேய்க்கு அந்நியன் முகம் இல்லை, அப்பாவின் முகம் இருக்கிறது. யாரை வெளியே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தும் நிறுத்த முடியாத துன்பம்தான் அவர் காட்டும் பயம். யாரோ ஒருவரை அடித்துத் துரத்தினால் தீர்ந்துவிடும் பயத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது.

நீலகிரியிலிருந்து ஒரு தொகுப்புப் படம் வர வேண்டும் என்று விரும்புகிறேன். தொகுப்புதான் அதற்கு ஏற்ற வடிவம். படுகர் ஊரான ஹட்டியின் அச்சமும், தோடர் குடியிருப்பான மந்தின் அச்சமும், லைன் வீட்டின் அச்சமும், இந்து நகர் இருட்டறையின் அச்சமும் ஒரே கதைக்குள் அடங்காது. அடக்கினால் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். மூன்றோ நான்கோ கதை இருக்கட்டும். அந்தந்த வீட்டில் பிறந்தவர்கள் அந்தந்த மொழியில் எடுக்கட்டும். ஒன்று சோபிக்காமல் போகலாம். போனால் போகட்டும், அதையும் சேர்த்தே வெளியிடுங்கள். பாவாவின் தொலைபேசிக் கதையை வெட்டி எறிந்திருந்தால், மற்ற இரண்டும் எதனால் உயர்ந்தவை என்று நமக்குத் தெரிந்திருக்காது.

இன்று காட்டப்போவது இத்தாலியப் பதிப்பு. வரிசை தொலைபேசி, கோர்காவின் குடும்பம், நீர்த்துளி. அமெரிக்கப் பதிப்பில் நீர்த்துளி முதலில் வந்துவிடுகிறது. உச்சத்தை முதலிலேயே காட்டிவிட்டுப் பிறகு இறங்கிக்கொண்டே போகும் படத்தைப் பார்த்துத்தான் பலரும் இதைக் குறைத்து மதிப்பிட்டார்கள். பின்னணி இசையும் ராபர்த்தோ நிக்கோலோசியின் மூல இசை. முதல் கதை உங்களுக்குச் சலிப்பூட்டினால் எழுந்துபோய்விடாதீர்கள், அது குறுகியதுதான். மூன்றாவது கதை முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட வேண்டாம் என்று படம் ஓட்டும் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். கார்லாப் குதிரையில் வந்து நம்மிடம் விடைபெறுகிறார். அப்போது கேமரா மெல்லப் பின்வாங்குகிறது. குதிரை பொம்மை. காடு ஓடுவதுபோலத் தெரிய, ஸ்டுடியோ ஆட்கள் கிளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவரைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள். அமெரிக்கர்கள் இதையும் வெட்டிவிட்டார்கள். நீங்கள் கட்டாயம் பாருங்கள். இந்த ஊரில் படம் எடுக்க நினைக்கும் இளைஞர்கள், அந்த ஆட்கள் எத்தனை பேர், கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.